குப்பைக்கு அடியில் போட்ட ஷீட் தாங்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குப்பை நிரப்பும் குழிகளின் அடியில் என்னென்ன அடுக்குகள் போடுகிறார்கள் என்று போன இதழில் சின்னதாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "அது கசியாதா?" என்றுதான் கேட்டிருந்தன. சிலர் கையில் ஆய்வக அறிக்கையையே வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: குழிக்கு அடியில் எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) ஷீட் விரித்துவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கீழே இறங்காது என்று பொதுக்கூட்டத்தில் ஒரு அதிகாரி உறுதியாகச் சொன்னார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். அவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கசியவே கசியாத லைனர், அதாவது குழியின் அடியில் போடும் தடுப்பு அடுக்கு, என்று ஒன்று இல்லை. எவ்வளவு கசியும், கசிந்தால் நமக்கு எப்போது தெரியும், இந்த இரண்டைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலில் களிமண் மட்டும் 90 செ.மீ. தடிமனுக்கு நன்றாக இடித்து இறுக்கியிருக்கிறார்கள், அதன் நீர்கடத்தும் திறன் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு, மேலே 30 செ.மீ. உயரத்துக்குக் கசிவுநீர் (குப்பையில் ஊறி வடியும் அழுக்குத் தண்ணீர்) நிற்கிறது என்று வையுங்கள். கேட்பதற்கு ஒன்றுமே இறங்காது போலத் தோன்றும், ஆனால் ஒரு ஹெக்டேருக்கு ஒரு நாளில் 1,100 லிட்டருக்கு மேல் கீழே போகும். பரப்பு பெரியது அல்லவா, அதனால்தான்.

அடுத்து, களிமண் இல்லை, வெறும் 1.5 மி.மீ. ஷீட் மட்டும், அதுவும் ஜல்லி மாதிரி தண்ணீர் தாராளமாக ஓடும் தரையின்மேல். ஷீட்டில் 1 சதுர செ.மீ. ஓட்டை ஒன்று, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதே 30 செ.மீ. தண்ணீர் மேலே நின்றால் அந்த ஒரே ஓட்டை வழியாக ஒரு நாளில் 12,000 லிட்டருக்கு மேல் இறங்கிவிடும்.

இப்போது இரண்டையும் சேருங்கள். அதே களிமண், அதன்மேல் ஒட்டிப் படிந்த ஷீட், அதே ஓட்டை. ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர்! ஓட்டை வழியாக வந்த தண்ணீருக்குப் பரவ இடம் இல்லை, நேர் கீழே இருக்கிற களிமண் வழியாக மட்டும்தான் போயாக வேண்டும் என்பதால் இவ்வளவு வித்தியாசம். ஷீட் சரியாகப் படியாமல் இடைவெளி இருந்தால் அதுவே ஏறக்குறைய 3 லிட்டர் ஆகிவிடும்.

அதனால் ஷீட்டும் களிமண்ணும் எவ்வளவு நெருக்கமாகப் படிந்திருக்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கறுப்பு ஷீட் வெயிலில் சூடேறினால் விரிந்து மடிப்பு மடிப்பாக எழும்பும். 100 மீட்டர் நீள ஷீட் 40 டிகிரி சூடேறினால் அரை மீட்டர் அளவுக்கு நீளும், அந்தக் கூடுதல் நீளம் எங்கே போகும்? மடிப்பாகத்தான் நிற்கும். கசிவுநீர் வடிவதற்காக ஷீட்டின்மேல் போடும் ஜல்லியை அப்படியே கொட்டிவிட்டால் மடிப்பு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அப்புறம் ஓட்டை ஒன்று அந்த மடிப்பில் விழுந்துவிட்டால், மடிப்பின் நீளம் முழுக்கத் தண்ணீர் ஒரு வாய்க்கால் போல ஓடிப் பரவும். நான் மேலே சொன்ன அரை லிட்டர் கணக்கு அங்கே செல்லாது. அதிகாலையில், ஷீட் சுருங்கித் தரையோடு படிந்திருக்கும் நேரத்தில் மூடுங்கள் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பொறியாளர்களே சிலர் மறந்துவிடுகிறார்கள். ஓட்டையே இல்லாவிட்டாலும் பென்சீன், ட்ரைக்ளோரோஎத்திலீன் மாதிரியான கரைப்பான்களின் மூலக்கூறுகள் எச்.டி.பி.இ.க்குள் கரைந்து ஊடுருவி மறுபக்கம் போய்விடும். குளோரைடு போன்ற உப்பு அயனிகளைத்தான் ஷீட் அருமையாகத் தடுக்கும். ஊடுருவி வந்த கரைப்பானைத் தாமதப்படுத்திக் குறைப்பது கீழே இருக்கும் களிமண்ணின் தடிமன்தான்.

அந்த அதிகாரியிடம் அடுத்த கூட்டத்தில் கேட்க இரண்டு கேள்விகள் தருகிறேன். சம்பில் (கசிவுநீர் வந்து சேரும் பள்ளத்தில்) கசிவுநீர் மட்டம் இன்று எத்தனை செ.மீ.? மேலே ஜல்லி பரப்பிய பிறகு ஓட்டைச் சோதனை செய்தார்களா, எத்தனை ஓட்டை கிடைத்தது? இரண்டாவதற்கு "பூஜ்யம்" என்று பதில் வந்தால் சோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. அவ்வளவு பெரிய ஷீட்டில் ஓட்டை இருக்கிறதா என்று எப்படித் தேடுவார்கள்? மேலே மூடிய பிறகும் தேட முடியுமா?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷீட் சுருள் சுருளாக வரும். பக்கத்துப் பக்கத்தில் விரித்து, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, சூடான இயந்திரத்தை ஓட்டி இரண்டு வரிசையாக வெல்டிங் செய்வார்கள். அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு சின்னக் காற்றுக் குழாய் போல இடைவெளி விடப்படும். சோதனைக்கு அதன் இரண்டு முனையையும் அடைத்து, ஊசி வழியாகச் சுமார் 200 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்குக் காற்றை ஏற்றி, ஐந்து நிமிடம் முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ விட்டிருக்கிறது. இறங்காவிட்டாலும் வேலை முடியவில்லை. மறுமுனையை வெட்டிவிட்டு, காற்று புஸ்ஸென்று வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் நடுவில் எங்கோ குழாய் அடைத்திருக்கிறது, நீங்கள் சோதித்தது பாதி நீளத்தை மட்டும்தான். களத்தில் இந்தக் கடைசிப் படியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள், நீங்கள் விடாதீர்கள்.

மூலைகளிலும் ஒட்டுப் போட்ட இடங்களிலும் உருக்கிப் பிழியும் வெல்டிங்தான் செய்ய முடியும், அங்கே நடுக்குழாய் கிடையாது. அதற்கு சோப்பு நீர் தடவி, கண்ணாடி மூடி போட்ட வெற்றிடப் பெட்டியை வைத்துக் காற்றை உறிஞ்சுவார்கள். குமிழி வந்தால் ஓட்டை. இதைத் தவிர, ஒவ்வொரு 150 மீட்டர் வெல்டிங்குக்கும் ஒரு துண்டு என்ற வழக்கப்படி வெட்டி எடுத்து, உரித்தும் இழுத்தும் பார்ப்பார்கள். வெல்டிங் பிரிந்தால் தப்பு, வெல்டிங் நிற்க ஷீட் கிழிந்தால் சரி. வெட்டிய இடத்தில் ஒட்டுப் போட வேண்டும், அந்த ஒட்டையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

இவையெல்லாம் வெல்டிங்குக்கு மட்டும்தான். ஷீட்டின் நடுவே விழுந்த ஓட்டையை எப்படிப் பிடிப்பது? அங்கேதான் மின்சாரம் உதவுகிறது. எச்.டி.பி.இ. மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஓட்டை இருந்து, அதில் ஈரம் இருந்தால் மின்சாரம் அதன் வழியாக ஓடிவிடும். ஷீட் திறந்திருக்கும்போது அதன்மேல் தண்ணீரைத் தேக்கித் தள்ளிக்கொண்டே போவார்கள், ஓட்டையின்மேல் தண்ணீர் வந்ததும் சுற்று முழுமையாகிக் கருவி ஒலி எழுப்பும்.

மேலே ஜல்லியோ மண்ணோ போட்ட பிறகும் தேட முடியும். மூடிய மண்ணில் ஒரு மின்முனை, குழிக்கு வெளியே தரையில் இன்னொரு மின்முனை, இரண்டுக்கும் நடுவே சில நூறு வோல்ட். ஒருவர் இரண்டு கால் கொண்ட அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து மின்னழுத்தத்தைப் பதிவு செய்வார். ஓட்டையை நெருங்கும்போது அளவு ஏறும், தாண்டியதும் குறி மாறும். அந்த இடத்தில் கையால் தோண்டிப் பார்த்தால் ஓட்டை இருக்கும். அரை மீட்டர் மண்ணுக்கு அடியில் பென்சில் பருமனுள்ள ஓட்டையைக்கூட இப்படிக் கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கு மூன்று நிபந்தனை உண்டு. மேலே உள்ள மண் ஈரமாக இருக்க வேண்டும். ஓரங்களில் உள் மண்ணும் வெளித்தரையும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, ஒட்டினால் மின்சாரம் அந்த வழியே போய்விடும், ஓட்டை தெரியாது. மூன்றாவது, ஷீட்டுக்கு நேர் கீழே மின்சாரம் கடத்தும் ஏதாவது இருக்க வேண்டும். ஈரக் களிமண் என்றால் பிரச்சினை இல்லை. இரட்டை லைனரில் (ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ஷீட் போடுவது) நடுவே பிளாஸ்டிக் வலை மட்டும் இருக்கும், அங்கே இந்த முறை வேலை செய்யாது. அடிப்பக்கம் மின்கடத்தும் பூச்சு உள்ள ஷீட்டை முன்கூட்டியே திட்டமிட்டு வாங்கியிருக்க வேண்டும்.

மூடிய பிறகு சோதிப்பது ஏன் முக்கியம் என்றால், பெரும்பாலான ஓட்டைகள் விழுவதே ஜல்லி பரப்பும்போதுதான். புல்டோசரின் பல், கூரான கல், அவசரமாகத் திரும்பிய வண்டிச் சக்கரம். நான் பல வருடங்களுக்கு முன் நின்று பார்த்த ஒரு வேலையில் வெல்டிங் அறிக்கை அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஜல்லி போட்ட பிறகு செய்த மின்சோதனையில், வண்டி இறங்கும் சரிவின் அடியில் கை நீளத்துக்குக் கிழிசல் கிடைத்தது. அந்த வண்டியை ஓட்டியவருக்கே தெரியவில்லை. அன்று சோதிக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் எப்போதும் தெரிந்திருக்காது, ஏனென்றால் குப்பை சில மீட்டர் ஏறிவிட்டால் எந்த மின்சோதனையும் நடக்காது. அதற்குப் பிறகு இரட்டை லைனரின் நடு அடுக்கில் வரும் தண்ணீரும், நிலத்தடி நீரைச் சோதிக்க வெளியே போட்டிருக்கும் கண்காணிப்புக் கிணறும்தான் மிச்சம்.

கேள்வி: கண்காணிப்புக் கிணறு எத்தனை போட வேண்டும்? எங்கள் பக்கத்துக் கிடங்கில் வாசல் அருகே ஒன்று மட்டும் இருக்கிறது.

ஒன்று போதாது. ஒரு கிணற்றை வைத்துக்கொண்டு நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லவே முடியாது. வாசல் அருகே போட்டிருப்பது வண்டி போக வசதி என்பதற்காக இருக்கலாம், தண்ணீர் அந்தப் பக்கம்தான் போகிறதா என்று யாராவது பார்த்தார்களா?

திசை தெரிய குறைந்தது மூன்று கிணறு வேண்டும், அதுவும் ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. மூன்றின் வாய்ப்பகுதி உயரத்தையும் சர்வே செய்து, மூன்றிலும் ஒரே நாளில் நீர்மட்டம் அளந்தால், உயரமான மட்டத்திலிருந்து தாழ்வான மட்டத்துக்கு நீர் போகும் திசையைத் தாளில் வரைந்துவிடலாம். பள்ளிக்கூட வடிவியல் போதும். இதை வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு விடக் கூடாது, கோடையிலும் மழைக்குப் பிறகும் திசை மாறலாம். பக்கத்தில் யாராவது பெரிய மோட்டார் வைத்து நீர் எடுக்க ஆரம்பித்தால் ஓட்டமே அவர் பக்கம் திரும்பிவிடும்.

திசை தெரிந்த பிறகு, தண்ணீர் வரும் பக்கம் குறைந்தது ஒன்று, போகும் பக்கம் இரண்டு மூன்று, பெரிய கிடங்கு என்றால் இன்னும் அதிகம். வரும் பக்கத்துக் கிணறு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கிடங்கைத் தொடுவதற்கு முன் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று அது ஒன்றுதான் சொல்லும்.

அடுத்தது ஆழமும் தூரமும். மணல் பாங்கான தரையில் நீர்கடத்தும் திறன் நாளுக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு 200 மீட்டருக்கு 1 மீட்டர், மண்ணின் நுண்துளை கால் பங்கு என்றால் நிலத்தடி நீர் நாளுக்கு 20 செ.மீ. நகரும், வருடத்துக்கு 73 மீட்டர். 50 மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றில் எட்டு மாதத்தில் அறிகுறி வந்துவிடும். அதே சரிவில் வண்டல் கலந்த இறுக்கமான மண் என்றால் வருடத்துக்கு அரை மீட்டர்கூட நகராது, 50 மீட்டருக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகும்! அப்படிப்பட்ட இடத்தில் 50 மீட்டர் தள்ளிக் கிணறு போட்டு, "இருபது வருடமாகச் சுத்தமான அறிக்கை" என்று பெருமைப்படுவதில் அர்த்தமே இல்லை. அங்கே கிணறு குழியின் ஓரத்தை ஒட்டி இருக்க வேண்டும், இடையில் ஏதாவது மணல் பட்டை ஓடினால் குழாயின் துளையுள்ள பகுதி அந்தப் பட்டைக்கு நேராக இருக்க வேண்டும்.

துளையுள்ள பகுதி என்றதும் ஒரு எச்சரிக்கை. அதைச் சுற்றிச் சலித்த மணல், அதற்கு மேலே பெண்டோனைட் (நனைந்தால் உப்பும் களிமண்) அடைப்பு, அதற்கு மேலே சிமெண்ட் கலவை, தரையில் பூட்டிய மூடி, இந்த வரிசை வேண்டும். அடைப்பு இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் குழாயின் வெளிச்சுவரை ஒட்டி நேரே இறங்கும். நீங்கள் அளப்பது நிலத்தடி நீரை அல்ல, நேற்றைய மழையை.

கேள்வி: நான் மாதிரி எடுக்கும் வேலையில் இருக்கிறேன். பம்பை இறக்கி முதலில் வரும் தண்ணீரையே பாட்டிலில் பிடித்து அனுப்பச் சொல்கிறார்கள். நேரம் மிச்சம் என்கிறார்கள். சரியா சார்?

தப்பு, நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். குழாய்க்குள் மாதக்கணக்கில் நின்ற தண்ணீர் காற்றோடு பழகியிருக்கும், அதில் கரைந்த இரும்பு துருவாகிப் படிந்திருக்கும், ஆவியாகும் கரைப்பான்கள் பறந்திருக்கும். அதை ஆய்வகத்துக்கு அனுப்பினால் நல்ல முடிவுதான் வரும், ஆனால் அது பொய் முடிவு.

முதலில் எதையும் இறக்குவதற்கு முன் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். பம்ப் ஓடிய பிறகு அளந்தால் பயனில்லை. அப்புறம் பழைய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பழைய வழக்கம் குழாய்க்குள் நிற்கும் அளவைப்போல மூன்று மடங்கு எடுப்பது. 50 மி.மீ. விட்டமுள்ள குழாயில் 10 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 20 லிட்டர், ஆக 60 லிட்டர் வெளியே போக வேண்டும். இன்னொரு முறை, துளையுள்ள பகுதிக்கு நேராகப் பம்பை வைத்து நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறைவாக மெதுவாக எடுப்பது. பி.எச்., மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் எல்லாம் அடுத்தடுத்த மூன்று அளவீட்டில் மாறாமல் நின்றதும் மாதிரி பிடிப்பது. எனக்கு இதுதான் பிடிக்கும். அடிச்சேறு கலங்காது, வீணாகும் தண்ணீரும் குறைவு.

கரைந்த உலோகம் பார்க்க வேண்டுமென்றால் களத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். கரைப்பான்களுக்கான 40 மி.லி. குப்பியில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது, கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். சுத்தமான கிணற்றில் தொடங்கி மோசமான கிணற்றில் முடியுங்கள். பனிக்கட்டிப் பெட்டி, கைமாறும்போதெல்லாம் கையெழுத்து, ஒரு வெற்று மாதிரி (சுத்தமான தண்ணீர் நிரப்பியது), ஒரு இரட்டை மாதிரி (அதே கிணற்றில் இரண்டாவது முறை பிடித்தது). இவ்வளவும் செய்ய ஒரு கிணற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தைக் கொடுக்க மறுத்தால், "முதல் தண்ணீரிலேயே எடுக்கப்பட்டது" என்று களப் படிவத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உண்மையை எழுதுவது உங்கள் உரிமை.

கேள்வி: லைனருக்கு ஆயுள் எவ்வளவு?

சூட்டைப் பொறுத்தது. ஷீட்டுக்குள் கலந்திருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் தீர்ந்த பிறகுதான் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். 20 டிகிரியில் நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும் என்று ஆய்வக மதிப்பீடுகள் சொல்கின்றன, 60 டிகிரியில் அது சில பத்தாண்டுகளாகச் சுருங்கிவிடும். குப்பை அழுகும்போது உள்ளே சூடு உண்டாகிறது, அதனால் அடியில் வெப்பமானி வைத்துப் பார்ப்பது வீண்வேலை இல்லை.

கேள்வி: போகும் பக்கத்துக் கிணற்றில் குளோரைடு போன வருடம் லிட்டருக்கு 180 மி.கி., இப்போது 240. குடிநீர் அளவான 250க்குள்தான் இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்கிறார்கள். லைனர் போய்விட்டதா?

குடிநீர் அளவை இங்கே கொண்டுவருவதே தவறு. 250 என்பது உப்புச் சுவை தெரியத் தொடங்கும் அளவை வைத்துச் சொல்வது. கசிவைப் பிடிக்க நாம் பார்க்க வேண்டியது அந்தக் கிணறு தன்னுடைய பழைய அளவிலிருந்து விலகுகிறதா என்பதை. 20 இருந்த கிணறு 80 ஆனாலும் அது பெரிய செய்திதான், 250 ஆகும்வரை காத்திருந்தால் பல வருடம் தொலைந்துபோகும்.

அதற்காக 240ஐப் பார்த்ததும் ஓட்டை என்று முடிவுகட்டவும் கூடாது. முதலில் வரும் பக்கத்துக் கிணற்றைப் பாருங்கள், அங்கேயும் இதே அளவு ஏறியிருந்தால் காரணம் வெளியே இருக்கிறது. உரம், சாக்கடை, வறண்ட வருடம், கடல்நீர் எதுவாகவும் இருக்கலாம். மாதிரி எடுத்த பருவம் ஒன்றா, ஆய்வகம் மாறியதா என்றும் பாருங்கள்.

அப்புறம் கலப்புக் கணக்கு. கிடங்கின் கசிவுநீரில் குளோரைடு 2,500 என்று வையுங்கள். கிணறு 180லிருந்து 240 ஆக வேண்டுமானால் கசிவுநீர் ஏறத்தாழ 2.6 சதவீதம் கலந்திருக்க வேண்டும். அப்படிக் கலந்திருந்தால் மண்ணில் அதிகம் ஒட்டாத மற்றவையும் அதே விகிதத்தில் ஏறியிருக்க வேண்டுமே! கசிவுநீரின் மின்கடத்துத்திறன் செ.மீ.க்கு 12,000 மைக்ரோசீமென்ஸ் என்றால் கிணற்றில் சுமார் 300 கூடியிருக்க வேண்டும். காரத்தன்மை, போரான் இவற்றையும் இப்படியே ஒப்பிடுங்கள். எல்லாம் சேர்ந்து நகர்ந்திருந்தால் சந்தேகம் வலுவாகிறது. குளோரைடு மட்டும் ஏறி மற்றவை அசையாமல் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

அம்மோனியா இல்லையே, அதனால் கசிவு இல்லை என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். அதை ஏற்காதீர்கள். குளோரைடு மண்ணில் ஒட்டாமல் தண்ணீரின் வேகத்திலேயே வரும், அம்மோனியமும் பொட்டாசியமும் களிமண்ணில் ஒட்டி ஒட்டிப் பின்தங்கி வரும். ஆகவே குளோரைடு முன்னோடி. நைட்ரேட்டும் சேர்ந்து ஏறினால் உரம் அல்லது சாக்கடை பக்கம் சாயலாம், புதுக் கசிவுநீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாகத்தான் இருக்கும். இரும்பும் மாங்கனீசும் திடீரென ஏறினால் அவை குப்பையிலிருந்து வந்தவையாகக்கூட இருக்க வேண்டாம். ஆக்சிஜன் தீர்ந்துபோன தண்ணீர் மண்ணிலிருந்தே அவற்றைக் கரைத்து எடுக்கும். கரைப்பான்கள் மட்டும் தலைகாட்டி உப்பு ஏறாமல் இருந்தால், லைனரைவிடக் குப்பை வாயுவைச் சந்தேகியுங்கள், அது மண் வழியாகப் பக்கவாட்டில் நகர்ந்து நிலத்தடி நீரைத் தொட்டுவிடும்.

தற்செயல் என்பதும் உண்டு. 10 கிணறு, ஒவ்வொன்றிலும் 20 பொருள் என்றால் 200 ஒப்பீடு. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஒன்று தவறாக மணியடிக்கும் என்று வைத்தால்கூட, ஒவ்வொரு முறையும் இரண்டு பொய் எச்சரிக்கை வரும். அதனால்தான் மறுமாதிரி எடுக்கிறார்கள். ஆனால் உடனே எடுக்க வேண்டும், அடுத்த காலாண்டு வரட்டும் என்று தள்ளக் கூடாது.

இத்தனைக்கும் அடிப்படை, குப்பை வருவதற்கு முன்பே எல்லாப் பருவத்திலும் எடுத்த மாதிரிகள். எட்டு முறையாவது எடுத்திருந்தால் அந்தக் கிணற்றின் இயல்பு எவ்வளவு ஆடும் என்று தெரிந்திருக்கும். உங்கள் கடிதத்தில் இரண்டே இரண்டு எண்தான் இருக்கிறது. பழைய அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். கூடவே சம்பிலிருந்து தினமும் எவ்வளவு கசிவுநீர் இறைத்தார்கள் என்ற பதிவேட்டையும். மழைக்குப் பிறகு அந்த அளவு ஏற வேண்டும். ஏறாமல் திடீரென்று குறைந்திருந்தால் குழாயில் சுண்ணாம்பும் பாசிப்படலமும் அடைத்து உள்ளே மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் தண்ணீர் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. இரண்டுமே மோசம். கிணற்றில் தெரிவதற்கு வெகு முன்பே இந்தப் பதிவேடு சொல்லிவிடும், ஆனால் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கேள்வி: சட்டப்படி குறைந்தபட்சம் என்ன போட வேண்டும்?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் 1991 விதிகள் 60 செ.மீ. களிமண்ணும் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ.யும் கேட்டன, கசிவுநீர் மட்டம் 30 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 உத்தரவு வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் இரண்டு என்று அளவிடும் இடங்களைச் சொன்னது. இந்தியாவின் 2016 விதிகள் 1.5 மி.மீ. ஷீட், 90 செ.மீ. களிமண், அதற்கும் 2 மீட்டர் கீழேதான் நிலத்தடி நீர்மட்டம், எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் பருவம்தோறும் நீர்ச்சோதனை என்றன. உங்கள் இடத்துக்கு இன்று நடப்பில் உள்ள விதியை எடுத்துப் படியுங்கள். அதில் உள்ளது குறைந்தபட்சம்தான், மண்ணைப் பார்த்து அதற்கு மேல் போகலாம்.

கேள்வி: எங்கள் கிடங்கு முப்பது வருடப் பழையது, லைனரே கிடையாது. கசிவது தெரிந்த விஷயம். இனி மூன்று கிணறு போட்டு அளந்து என்ன ஆகப்போகிறது? புதிதாகப் போட்ட மூன்றிலும் நீர்மட்டம் மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம்.

நிறைய ஆகும். கசிகிறது என்று தெரிவதும், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எந்த ஆழத்தில் போயிருக்கிறது என்று தெரிவதும் ஒன்றில்லை. யாருடைய குடிநீர்க் கிணற்றை நோக்கிப் போகிறது என்று தெரிந்தால் அவர்களுக்கு முதலில் மாற்றுத் தண்ணீர் ஏற்பாடு செய்யலாம். மேலே மூடி போட்டு மழைநீர் இறங்காமல் தடுத்தால் உள்ளே புதிதாக உருவாகும் கசிவுநீர் குறையும், அது உண்மையிலேயே குறைகிறதா என்று அடுத்த சில வருடங்களில் இதே கிணறுகள்தான் காட்டும். உப்பேறிய தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், தரைமேலிருந்தே மின்தடை ஆய்வு செய்து அது பரவியிருக்கும் எல்லையைத் தோராயமாக வரையலாம். அடுத்த கிணறுகளை எங்கே போடுவது என்று அதை வைத்து முடிவு செய்யலாம், கண்ட இடத்தில் துளை போட வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். குப்பை மேட்டின் நடுவே துளை போட்டுவிடாதீர்கள், கசிவுநீர் ஆழத்துக்கு இறங்க நீங்களே வழி திறந்துவிட்டதாகிவிடும். மூன்று கிணற்றின் வாய் உயரமும், ஒரே நாளில் எடுத்த நீர்மட்டமும், ஒவ்வொன்றுக்கும் இடையே உள்ள தூரமும் எழுதி அனுப்புங்கள். திசையைப் போட்டுப் பார்த்து அடுத்த இதழில் படமாகவே தருகிறேன்.